மறு: எஞ்சின் விளக்கு எரிந்தால் வரும் எண்ணுக்குப் பெயர்

வணக்கம் நண்பர்களே,

காரில் எஞ்சின் விளக்கு எரியும்போது, ஸ்கேனர் கருவியைச் செருகினால் திரையில் ஓர் எண் வரும். நம் கையேட்டின் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> கணினிக்காரர்கள் ஏற்கெனவே ‘பிழைக்குறியீடு’ என்று வைத்திருக்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். இங்கே ஈசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, எந்தப் பிழையும் செய்யவில்லை. தான் அளந்து பார்த்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

> அப்படியானால் ‘பழுதுக்குறி’.

எனக்கு மனத்தாங்கல் இதில்தான். ‘பழுது’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் உடனே எந்தப் பாகம் பழுது என்று தேடப் போய்விடுவார். பி0171 (திரையில் P0171) என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் முதல் பக்கத்து சிலிண்டர்களில் எரியும் கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஸ்கேனரில் இது வந்ததும், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் பலர். சென்சாரோ தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அந்த எண்ணே வந்தது! ரப்பர் குழாய் ஒன்றில் வெடிப்பு இருக்கலாம், காற்றளவு சென்சாரில் அழுக்கு இருக்கலாம், பெட்ரோல் பம்பு சோர்ந்திருக்கலாம். இரு பக்கமும் சிலிண்டர் உள்ள வண்டியில் மறுபக்கத்துக்கான பி0174உம் சேர்ந்து வந்தால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் அந்தப் பக்கத்தில். எண் சொல்வது தேட வேண்டிய திசையை.

இதில் எரிபொருளும் நுழைகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாய் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். எத்தனாலுக்கு 9 போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் 13.5ஐ ஒட்டி வரும். தூய பெட்ரோலுக்கென்று 1990களில் செய்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்று பெட்ரோல் பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றினால், ஈசியு ஏறத்தாழ 8-9 விழுக்காடு கூடுதலாகப் பீய்ச்சிச் சமாளிக்கும். விளக்கு எரியாது. பல கார்களில் இந்தத் திருத்தம் 25 விழுக்காட்டை நெருங்கினால்தான் எண் பதிவாகும். ஆனால் திருத்தத்துக்கான அந்தக் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருளுக்கே போய்விட்டதே! முன்பு சத்தமில்லாமல் இருந்த சிறு காற்றுக்கசிவு இப்போது விளக்கை எரிய வைக்கும். இதில் பழுது எது, எரிபொருளா குழாயா? ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுத முடியாத இடம் இது.

இன்னொன்று. பி-க்குப் பின் 0 வந்தால் பெரும்பாலும் எல்லா நிறுவனத்துக்கும் பொது. 1 வந்தால் அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. பி1128 பழைய போர்ஷே பாக்ஸ்டர் காரில் கலவைத் திருத்தம் எல்லையைத் தொட்டதைச் சொல்லும். அதே எண் டொயோட்டாவில் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் மோட்டாரைப் பற்றியது. மலிவு ஸ்கேனர் எந்த அர்த்தத்தைக் காட்டும் என்பது அதிர்ஷ்டம்.

ஆகவே என் முன்மொழிவு: அறிகுறி எண்.

> ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறதே.

அடிக்கட்டும். காய்ச்சலைக் கண்டதும் யாரும் தெர்மாமீட்டரை மாற்றுவதில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்து மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தே கலவையைச் சொல்லிவிடுவார்கள். வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். அறிகுறி படிப்பது வடசென்னைக்குப் புதிதல்ல.

> கடையில நாங்க இங்கிலீஷ்ல சொல்ற மாதிரி ‘கோடு’ (code)ன்னுதான் சொல்றோம். ‘கோடு அழிச்சுட்டேன்’னா வியாசர்பாடில இருந்து மணலி வரைக்கும் எல்லாருக்கும் புரியும்.

உண்மை. பேச்சில் ‘கோடு’ இருக்கட்டும், அதை யாரும் அழிக்கப் போவதில்லை. ஆனால் எழுத்தில் ‘கோடு தெரிகிறது’ என்றால் வண்டியில் கீறல் விழுந்ததாகத்தான் படிப்பார்கள். அப்புறம், அழிப்பது பற்றி ஒரு வார்த்தை. எண் பதிவான நொடியில் எஞ்சின் சூடு, வேகம், சுமை எல்லாம் ஈசியுவில் சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். அதைக் குறித்துக்கொண்டு அழியுங்கள். அந்தச் சேமிப்புக்கு ‘கணப்பதிவு’ என்ற சொல் போதும் என நினைக்கிறேன். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற ஆங்கிலப் பெயருக்கு அகராதியில் இருந்த ‘உறைசட்டம்’ மீன் மார்க்கெட் ஐஸ்பெட்டி போல இருக்கிறது.

> ஆக்டேன் எண்ணுக்கு ‘இடிதாங்கெண்’?

ரசித்தேன். எஞ்சினுக்குள் பெட்ரோல் தானே வெடித்துத் தட்டும் நாக்கிங்கை ‘எஞ்சின் இடிக்குது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் இடிதாங்கி ஏற்கெனவே கட்டட உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. ‘ஆக்டேன் எண்’ அப்படியே இருக்கட்டும். விளக்கத்தில் மட்டும் ஒரு வரி வேண்டும்: இது பெட்ரோலின் பலத்தைச் சொல்லும் எண் அல்ல, முன்கூட்டித் தானே வெடிக்காமல் அழுத்தத்தைத் தாங்கும் அளவு. பாக்ஸ்டருக்கு 98 ஆக்டேன் பரிந்துரை. 95 ஊற்றினால் நாக் சென்சார் அந்த இடியைக் கேட்டுச் சொல்ல, ஈசியு ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதமாக்கும். இழுவை கொஞ்சம் குறையும், அறிகுறி எண் எதுவும் வராது. பி0325 வந்தால் அது அந்தச் சென்சாரின் மின்சுற்றைப் பற்றியது. அதற்குப் பெட்ரோல் பங்கை மாற்றிப் பயனில்லை. அதேபோல லீன் எண் வந்தது என்று விலை கூடிய பெட்ரோலுக்குத் தாவுவதும் வீண். அதிலும் எத்தனால் இருந்தால் கணக்கு அப்படியேதான் நிற்கும்.

பி0171 என்பதில் உள்ள ‘பி’யைத் தமிழாக்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், இந்தக் கடிதத்தில் ‘பி’ என்று எழுதினாலும் கையேட்டில் P என்றே இருக்கட்டும். ஸ்கேனர் திரையில் உள்ளதும் நம் கையேட்டில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அதன் பிறகு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.