கோனாட்டுச் சாலையில் சைக்கிள்: வழியில் பார்த்த மனிதர்கள்

சைக்கிள் பயணத்தில் யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கு மூலைதான். கொடும்பாளூர், குடுமியான்மலை, அன்னவாசல், சித்தன்னவாசல், நார்த்தாமலை. திருச்சியிலிருந்து இருட்டோடு கிளம்பி இந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டு கீரனூர் வழியாகத் திரும்பினால் 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். நன்றாக மிதிக்கிறவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஆனால் முடிக்கவேண்டும் என்று ஓட்டினால் யாரோடும் பேச நேரம் இருக்காது. நான் இதைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு, வெறும் பொட்டல்" என்று திருச்சியில் நிறையப் பேர் சொல்வார்கள். நாற்கரச் சாலையில் மதுரைக்குப் பறக்கும்போது அப்படித்தான் தெரியும். செம்மண், பாறை, கருவேலங்காடு, தைல மரம். அந்தச் சாலையை விட்டு இறங்கிவிட்டால் கதை வேறு. வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்று கல்வெட்டுகள் பேசும் நிலம் இது. சோழநாட்டுக்கும் பாண்டியநாட்டுக்கும் நடுவில் கிடந்ததால் படைகள், வணிகர்கள், துறவிகள் எல்லோரும் இதைக் கடந்துதான் போனார்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போகும்போது, கொடும்பையின் நெடுங்குளத்தை அடைந்தால் அங்கே பாதை சிவன் ஏந்திய சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையோன் வழி சொல்வது சிலப்பதிகாரத்தில், காடுகாண் காதையில் இருக்கிறது. அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர். இந்த ஊர்களைத் தனித்தனிச் சுற்றுலாத் தலங்களாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இவை ஒரு வழியின் மேல் அமைந்த ஊர்கள். வழியை வழியாகவே கடந்தால்தான் புரியும். அதற்குச் சைக்கிளின் வேகம் சரியாக இருக்கிறது.

கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. இந்த ஊரை ஆண்ட இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயரில் ஒன்றும், தன் தேவியரான கற்றளி, வரகுணை இருவர் பெயரில் ஒவ்வொன்றுமாக எடுப்பித்த மூன்று விமானங்கள். இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. சாலையோர டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தபோது கடைக்காரப் பெரியவர், "கோயிலுக்கா? இடங்கழியார் தெரியுமா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். அடியார்களுக்குச் சோறு போட நெல் இல்லாமல் ஒரு சிவனடியார் ராத்திரியில் அரசனின் பண்டாரத்தில் புகுந்து நெல் எடுத்தார், காவலர் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், காரணத்தைக் கேட்ட அரசன், "இனி அடியார்கள் எல்லாரும் வந்து அள்ளிக்கொள்ளுங்கள்" என்று பண்டாரத்தையே திறந்துவிட்டான். அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் இந்த ஊரை ஆண்டவர். பெரியவர் இதைப் புராணம்போலச் சொல்லவில்லை. தன் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்வதுபோல, "நம்மூர்ல அப்புடி" என்று முடித்தார். "பசியா இருக்கீயளா, இட்லி வெந்துரும், இருங்க" என்றார். இருந்து சாப்பிட்டுத்தான் கிளம்பினேன்.

அங்கிருந்து குடுமியான்மலைக்குப் போகும் சாலை எனக்கு மிகவும் பிடித்தது. இருபுறமும் கண்மாய்கள், புளியமரங்கள், நடுநடுவே தரையிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் பாறைகள். கண்மாய்க்குள்ளே இரண்டு கல்தூண்கள் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்தால் நின்று பாருங்கள். அது குமிழித் தூம்பு, பழைய மடை. இந்த வட்டாரத்தில் சில தூம்புக் கல்லிலேயே செய்வித்தவர் பெயர் வெட்டியிருக்கும். கோயிலைக் கட்டியவன் பெயரைத் தேடுகிற நாம், மடை வைத்தவன் பெயரையும் தேடவேண்டும் என்று நினைக்கிறேன்.

தை, மாசியில் போனால் சாலையில் பாதியை அறுவடை எடுத்துக்கொள்ளும். நெல் காயும், கொள்ளு காயும், கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரத்தில் மிதிபட விடுவார்கள். தாள் பின்பக்கக் கியரில் சிக்கினால் பெரிய வேலை. அதனால் நான் இறங்கி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடப்பேன். ஒருமுறை களத்தில் இருந்த ஆத்தா அதைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, தானியத்த மிதிக்கக் கூடாதுன்னா தூக்கிட்டுப் போறே?" என்று கேட்டார். அவர் கேட்ட பிறகு அதுதான் சரியான காரணமாக எனக்குப் பட்டது. ஆமாம் ஆத்தா என்றேன். தூக்குவாளியில் இருந்த நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் தந்தார். ஒன்பது மணி வெயிலில் அதைப்போல உடம்புக்குள் இறங்கிய பானம் வேறு எதுவும் இல்லை.

குடுமியான்மலையில் ஆயிரங்கால் மண்டபத்தையும் பெரிய பெரிய தூண் சிற்பங்களையும் எல்லோரும் பார்ப்பார்கள். மலைமேல் வரிசையாக வெட்டியிருக்கும் அறுபத்துமூவரையும் கீழேயிருந்தே காணலாம். நான் அதிக நேரம் நிற்பது குடைவரைக்கு, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயிலுக்கு, பக்கத்துப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டின் முன்னால். பல்லவ கிரந்த எழுத்து, ஏழாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று பழைய ராகங்களின் பெயரில் ஏழு பகுதிகள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். பாறையெங்கும் நான்கு நான்கு எழுத்தாகக் கட்டம் கட்டமாக இறங்கும். மாணவர்களின் நன்மைக்காக, ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் செய்தது என்கிறது கல்வெட்டு. அது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தான் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தாலும் ஆய்வாளர்கள் ஒருமனதாக ஏற்கவில்லை. கடைசியில் மட்டும் தமிழ்: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய."

அங்கே ஒரு பள்ளிக்கூடப் பெண், ஏழாவதோ எட்டாவதோ படிப்பவள், தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தத் தமிழ் வரியில் எழுத்தை எல்லாம் படிக்க வராவிட்டாலும் டகரத்தைக் கண்டுபிடித்து விரலால் தொடாமல் காட்டினாள். "தொட்டா தேஞ்சிரும்னு டீச்சர் சொல்லிருக்காங்க" என்றாள். அவளுடைய ஆசிரியை யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு என் நன்றி.

அன்னவாசல் நெருங்கும்போது பின் டயர் இறங்கியது. இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள் சீமைக்கருவேல முள்ளுக்குத் தயாராகத்தான் போகவேண்டும். கையில் மாற்று டியூப் இருந்தது, இருந்தாலும் பஞ்சர் கடை கண்ணில் பட்டதால் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழியைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதிக் காயவிட்டார். அவசரமே இல்லை. என் டியூபின் மெல்லிய வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இம்புட்டுக்காண்டு ஓட்டையிலயா காத்துப் போவுது?" என்று வியந்தார். நான் கைப்பம்பை எடுத்துக் காட்டினேன். அவரே அடித்துப் பார்க்க ஆசைப்பட்டார்.

"சித்தன்னவாசலுக்கா போறீய? ஏழடிப்பட்டத்துக்கு மத்தியானத்துக்கு மேல ஏறுங்க. அது கெழக்கப் பாத்த குகை, காலையில வெயில் நேரா அடிக்கும். உச்சி சாஞ்சா மலை நெழல் விழுந்துரும்" என்றார். எந்த வழிகாட்டிப் பலகையிலும் இல்லாத தகவல் இது. அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே கல் படுக்கையில் படுத்து விளையாடியிருக்கிறாராம். கம்பி வேலி அப்போது இல்லை. "இப்ப கம்பி போட்டது நல்லதுதான். நாங்கள்லாம் போட்ட ஆட்டத்துக்கு அது மிஞ்சுனதே பெரிசு" என்று சிரித்தார்.

அவர் சொன்னபடியே போனேன். சித்தன்னவாசல் சாலையோரம் பெருங்கற்கால ஈமக்கற்கள் இருப்பதை மிதிக்கும் வேகத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வெறும் பாறையில் ஏறி, உச்சியைத் தாண்டி, கிழக்குப் பக்கச் சரிவில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்து இறங்கினால் குகை. தலைமாட்டில் தலையணைபோல உயர்த்தி, வழவழவென்று செதுக்கிய 17 படுக்கைகள். ஒன்றின் ஓரத்தில் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடிக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை அது. வேறு ஊரில் பிறந்து நடந்தே வந்து இந்தப் பாறையில் தங்கிய ஒரு துறவிக்கு, உள்ளூர்க்காரர்கள் படுக்க இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். வழிப்போக்கனாக அங்கே நின்றபோது அது எனக்கு மிக நெருக்கமாக இருந்தது.

கீழே இருக்கும் அறிவர் கோயில் சமணக் குடைவரை, மேற்கு பார்த்தது. மாலையில் வெளிச்சம் உள்ளே எட்டும். கூரையில் தாமரைக் குளம், பூப்பறிக்கும் ஆண்கள், மீன், அன்னம், யானை, எருமை. சாயம் பல இடங்களில் போய்விட்டது, கேள்வியில்லை. இருப்பதே நெஞ்சை அடைக்கிறது. அவனிபசேகரன் என்ற பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்த செய்தி அங்கேயே கல்வெட்டாக இருக்கிறது. காவல் பார்க்கும் ஐயா என்னைக் கருவறைக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கவைத்து, "வாயை மூடிக்கிட்டு ம்ம்முன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். அறை முழுக்க அந்த ஒலி திரும்பி வந்து மார்புக்கூட்டில் அதிர்ந்தது. ஓவியத்தைப் படத்தில் பார்த்துவிடலாம், இதை அங்கே போய்த்தான் கேட்கவேண்டும்.

நார்த்தாமலையை நான் மறுநாளுக்கு வைத்துக்கொள்வேன். ஐந்நூற்றுவர் வணிகக் குழு இயங்கிய ஊர். மேலமலைச் சரிவில் விஜயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயில். சதுரமான சுவருக்குள் வட்டமான கருவறை, சுற்றிலும் சிறு சன்னிதிகள், எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. சாத்தன் பூதி கட்டியதை மழை இடித்து அழிக்க, மல்லன் விடுமன் புதுக்கினான் என்று கல்வெட்டு சொல்கிறது. மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "ஒத்தையிலயா வந்தீய?" என்று கேட்டுவிட்டு, பாறையில் ஈரம் இருக்கும் இடங்களைக் காட்டிக் கால் வழுக்காமல் இறங்கச் சொன்னார். மழை பெய்தால் அவர்களும் ஆடுகளும் அந்தக் குடைவரை வாசலில்தான் ஒதுங்குவார்களாம். பேச்சுக்கு நடுவே தூரத்தில் குவாரி வெடி கேட்டது. "அதுக்குத்தான் ஆடு மெரளும்" என்றார். எனக்கு ஆட்டைவிடக் கோயிலைப் பற்றித்தான் கவலை வந்தது. இந்த மலைகளுக்கு அருகில் பாறை உடைப்பதை நிறுத்தச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நாமும் கூடச் சேர்ந்து கேட்கவேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல காலம். சித்திரையில் பாறை சுடும், வேண்டாம். கிளைச் சாலைகளில் ஜல்லி லாரிகள் வரும், விளக்கும் கண்ணாடியும் வேண்டும். 25 மி.மீ. அகல டயரை விட 32 மி.மீ. நிம்மதி. தண்ணீருக்குக் கவலையில்லை, எந்த வீட்டில் கேட்டாலும் கொடுப்பார்கள்.

அடுத்து வெள்ளாற்றைத் தாண்டிக் கானாட்டுப் பக்கம் போக ஆசை. 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை, ஒரே குன்றில் பெருமாளுக்கும் சிவனுக்கும் தனித்தனிக் குடைவரைகள், வழியில் மலையக்கோயில். காரைக்குடி சாலையைத் தவிர்த்து, கண்மாய்க் கரைகளை ஒட்டியே திருமயம் போய்ச் சேரலாம் என்று அன்னவாசல் பஞ்சர் கடை அண்ணன் சொன்னார். அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். யாரைச் சந்தித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.