மூன்றாம் மாடிப் பையனும் வியாழக்கிழமைக் கூட்டமும்
(சுவிற்சர்லாந்து, எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு)

சுமதி, மாலை 6.42
அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் மாடியில் தாயாருடன் வசிக்கும் எரித்திரியப் பையனைப் பற்றி உங்களிடம் யோசனை கேட்கவேண்டியிருக்கிறது. சூடானில் ஓர் அகதி முகாமில் வளர்ந்து, சென்ற வருடம்தான் இங்கு வந்தவன், வயது 13, என் மகளின் வகுப்பு. அவன் வாய் திறப்பதில்லை, பேசும்போது ஆசிரியையின் முகத்தைப் பார்ப்பதில்லை, வாரத்தில் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று பாடசாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை தாயாரை அழைத்திருக்கிறார்கள். அவருடைய சம்மதத்தோடுதான் இங்கு எழுதுகிறேன். பெயரையோ படத்தையோ யாரும் போடவேண்டாம்.

குகன் அண்ணா, 6.50
எந்த இரண்டு நாள், தங்கச்சி?

சுமதி, 6.51
புதனும் வெள்ளியும், அண்ணா.

குகன் அண்ணா, 6.58
நினைத்தேன். எரித்திரிய ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் அந்த இரு நாட்களிலும் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். ஈஸ்டருக்கு முன்பு 55 நாள் தொடர்ந்து இதே நோன்புதான். உணவக வேலையில் என்னோடு நின்ற எரித்திரிய நண்பர் வெள்ளிக்கிழமைகளில் பருப்புக் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒதுங்குவார். பாலாடைக்கட்டி போட்ட மக்கறோனியை வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பசியில்லை என்று எழுதினால் என்ன செய்வது?

ராஜி மாமி, 7.03
முகத்தைப் பார்க்காததற்கும் காரணம் தேடவேண்டியதில்லை. பெரியவர்கள் கண்டிக்கும்போது தலை குனிந்து நிற்கவேண்டும் என்றுதான் என் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தேன். இங்கே அதையே ஒளிப்பு மறைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

தேவகி, 7.09
தவறாக எண்ணவேண்டாம். இவ்வளவு சிரமப்படுகிறவனை ஆறுதலாகப் படிக்கக்கூடிய சிறப்பு வகுப்பில் விட்டால் அவனுக்கும் நிம்மதிதானே?

நிரோஜன், 7.21
அக்கா, நீங்கள் அன்பினால் சொல்கிறீர்கள் என்று தெரியும், ஆனால் நான் உடன்படவில்லை. அவன் கற்க முடியாதவன் அல்லன். முகாமில் தாய் சொல்லிக்கொடுத்த தங்கள் மொழியான திக்ரின்யாவைச் சரளமாக வாசிக்கிறான். அதை எழுதும் கீயெஸ் எழுத்து நம்முடைய க, கா, கி, கீ வரிசையைப் போன்றது, ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம். இரு நூறுக்கும் மேற்பட்ட எழுத்துகளை மனதில் வைத்திருப்பவனுக்கு இலத்தீன் எழுத்துப் பழகவில்லை என்பதற்காக எழுத்தறிவு குறைவு என்று குறித்திருக்கிறார்கள். இன்னொன்று: பாடத்தில் நூல் ஜேர்மன், விளையாட்டு முற்றத்தில் சுவிஸ் ஜேர்மன். செந்தமிழில் கட்டுரை எழுதப் பழகியவனை மட்டக்களப்புச் சந்தையில் கொண்டுபோய் விட்டதுபோல முழிக்கிறான். மேலும், ‘ஆம்’ என்பதற்கு அவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் மூச்சைச் சட்டென்று உள்ளிழுப்பதுண்டு. பதில் சொல்லவில்லை என்று ஆசிரியை கருதியவற்றில் எத்தனை இந்த ‘ஆம்’களோ!

தேவகி, 7.25
இது எனக்குத் தெரியாது. சொன்னதை மீளப் பெறுகிறேன்.

குகன் அண்ணா, 7.34
கடிதத்தில் தாயின் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அவர்களுக்கும் நம்மைப்போலக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயருக்குப் பின் தந்தையின் பெயர், பெண் மணமுடித்தாலும் மாறாது. ஆகவே தாய்க்கும் மகனுக்கும் வேறு வேறு பெயர் இருக்கும். 1986இல் நான் வந்தபோது என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் எல்லா அலுவலகங்களிலும் என்னைக் கூப்பிட்டார்கள்; நானும் திரும்பிப் பார்ப்பேன், அப்பா எங்கே என்று.

சுமதி, 7.40
உண்மைதான் அண்ணா. ‘பாதுகாவலர்?’ என்று கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் பையனே மொழிபெயர்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

நிரோஜன், 7.48
அதை மட்டும் விடக்கூடாது. தன்னைப் பற்றிய குறைகளைத் தன் தாய்க்குத் தானே சொல்லும்படி ஒரு பிள்ளையை உட்காரவைப்பது கொடுமை; நான் பத்து வயதில் அதைச் செய்தவன், பாதியை அம்மாவிடம் மறைத்தேன். திக்ரின்யா பேசும் பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும்படி நாளைக் காலையே பாடசாலைக்கு எழுதுவோம், நான் எழுதித் தருகிறேன்.

சுமதி, 7.55
அதற்குத்தான் தாயார் தயங்குகிறார்.

குகன் அண்ணா, 8.06
தயங்காமல் என்ன செய்வார்? 1993இல் நாடு விடுதலை பெற்ற நாள் முதல் அங்கே ஒரே ஜனாதிபதி. 18 மாதம் என்று சட்டம் சொல்லும் கட்டாயத் தேசிய சேவைக்கு முடிவில்லை. அரசை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் 2023 செப்டெம்பரில் சூரிச்சுக்குப் பக்கத்து ஒப்பிக்கோனில் மோதிக்கொண்டார்கள். வருகிறவர் எந்தப் பக்கமோ என்ற அச்சம் நமக்கா புரியாது! மொழிபெயர்ப்பாளர் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற கடப்பாடு உள்ளவர் என்பதை முதலில் அவருக்கு விளக்குங்கள். நாட்டை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கூட்டத்தில் யாரும் கேட்காதிருக்கவேண்டும் என்பதையும் நிரோஜன் கடிதத்தில் பணிவாகச் சேர்க்கட்டும்.

சுமதி, 9.17
மேலே போய்ப் பேசிவிட்டு வந்தேன். பெண் மொழிபெயர்ப்பாளர் என்றால் சம்மதம் என்கிறார். ராஜி மாமி பக்கத்தில் இருக்கவேண்டுமாம். நோன்பு நாட்களையும் பெயர் விவரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

ராஜி மாமி, 9.20
வியாழன் நான்கு மணிக்குத்தானே? வருகிறேன்.

சுமதி, 9.24
மூன்று மணிக்கே வந்துவிடுங்கள், மாமி. முதலில் அவர்கள் வீட்டில் கோப்பி. மூன்று சுற்றும் குடிக்காமல் எழும்பினால் அம்மா கோபிப்பார் என்று பையனே, ஜேர்மனில், முழு வாக்கியமாகச் சொன்னான்.