பிரையன் காக்ஸ்: ஒப்புக்கொண்டால் தீர்ந்துவிடுமா தகப்பனின் கடன்?

கருங்குவளை எழுதியது:

ஸ்காட்லாந்து நடிகர் பிரையன் காக்ஸ் 2021இல் தம் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டார். தாம் நல்ல கணவனாக இருந்ததில்லை, பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் அவர்கள் அருகில் இருந்ததில்லை, இருக்கும் இடத்தைவிட்டு விலகிப்போகும் இயல்பு சிறு வயதிலிருந்தே தம்மிடம் ஊறிப்போயிருக்கிறது என்று அந்நூலில் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். பின்னர் அளித்த நேர்காணல்களிலும் இதே தொனிதான். படித்தவர்கள் பலர் இந்த நேர்மையை மெச்சுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆண்டுகளைச் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள். முதல் திருமணம் 1968இல் நடந்தது, 1986இல் முறிந்தது. இடைப்பட்ட காலம்தான் அவர் பிரிட்டிஷ் மேடையில் படிப்படியாக மேலேறிய காலம். 1984இல் பிரிட்டிஷ் நாடக உலகின் ஒலிவியர் விருதும் வாங்கினார். மணமுறிவு நிகழ்ந்த அதே 1986இல்தான், மனிதக்கறி தின்னும் கொலைகாரப் பாத்திரமான ஹனிபால் லெக்டராகத் திரையில் முதன்முதலாகத் தோன்றியவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ், 1990இல் நேஷனல் தியேட்டரில் லியர் மன்னன் என ஷேக்ஸ்பியரின் பெரிய வேடங்கள், அதைத் தொடர்ந்து நாடு நாடாகச் சுற்றுப்பயணம். விருதுகள், மேடைகள், படங்கள் அனைத்தும் அவர் கையில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை ஈட்டுவதற்காக எதை விட்டாரோ, அதைப் பற்றிய வருத்தம் மட்டும் முதுமையில் அச்சாகி, நல்ல மதிப்புரைகளையும் பெற்றுத் தருகிறது. இந்த நேர்மைக்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதே என் கேள்வி.

நெடுஞ்சாலை எழுதியது:

கருங்குவளை அவர்களே, 1968க்குப் பிந்தைய ஆண்டுகளை ஒழுங்காக அடுக்கினீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

காக்ஸ் 1946இல் டண்டீ நகரில் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். தாயார் சணல் ஆலையில் நூல் நூற்றவர். தகப்பனார் சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். அக்கம்பக்கத்து ஏழை எளியவர்களுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே கடையை நடத்தியவர். காக்ஸுக்கு எட்டு வயதானபோது கணையப் புற்றுநோய் கண்டு சில வாரங்களிலேயே அந்த மனிதர் இறந்துபோனார். கொடுத்த கடன் திரும்பி வரவில்லை; வங்கியில் சொல்லும்படியாக எதுவும் மிஞ்சவில்லை. தாயார் மனமுடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், மின் அதிர்ச்சி சிகிச்சைக்கும் உட்படுத்தப்பட்டார். சிறுவன் அக்கா வீட்டிலும் அத்தைமார் வீட்டிலும் மாறி மாறி வளர்ந்தான். வறுத்த மீன் கடைக்குப் போய், எண்ணெய்ச் சட்டியில் உதிர்ந்து கிடக்கும் பொரித்த மாவுத் துணுக்குகளைக் கேட்டு வாங்கித் தின்ற நாட்களை அவரே பலமுறை விவரித்திருக்கிறார்.

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு டண்டீ ரெப்பர்டரி நாடகக் குழுவில் எடுபிடி வேலைக்குப் போனார். போன முதல் நாளே படிக்கட்டில் கைகலப்பு. சண்டையிட்டவர்களில் ஒருவர் பின்னாளில் பெரும் பெயர் பெற்ற நிக்கோல் வில்லியம்சன். அந்தக் களேபரத்துக்கு நடுவே இன்னொரு நடிகர் இந்தப் பையனிடம், உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பரிவோடு கேட்டிருக்கிறார். தாம் சேர வேண்டிய இடம் இதுதான் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டதாகக் காக்ஸ் சொல்கிறார். பிறந்த குடும்பம் சிதறிய பிறகு அவருக்குக் கிடைத்த குடும்பம் நாடகக் கொட்டகைதான். அதை விட்டு மற்றொரு வீட்டில் முழு மனத்தோடு இருக்க அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? தகப்பன் எப்படி இருப்பான் என்பதை எட்டு வயதுக்குமேல் கண்ணால் பார்க்காதவர் அவர். நான் இதைச் சொல்வது மன்னிப்பு வாங்கித் தருவதற்காக இல்லை. அவருடைய ஒப்புதலுக்குள் ஒரு விளக்கம் இருக்கிறது. அது மற்றவர்களுக்கும் பயன்படும் விளக்கம்.

மாடப்புறா எழுதியது:

நெடுஞ்சாலை ஐயா, அந்தப் பையனின் அக்காக்களும் அதே தகப்பனைத்தானே இழந்தார்கள்?

தாய் மருத்துவமனைக்குப் போனபோது தம்பியைச் சுமந்தவர் மூத்த அக்கா. அவருக்குத் தகப்பனும் இல்லை, தாயும் கைகொடுக்கும் நிலையில் இல்லை. ஆனால் விலகிப்போகும் இயல்பு அவரைப் பற்றவில்லை. பற்றியிருந்தால் இன்று நாம் விவாதிக்க ஒரு பிரையன் காக்ஸ் இருந்திருக்க மாட்டார். ஒரே இழப்பு ஆண் பிள்ளைக்கு நடிப்பின் ஊற்றாகவும், வாராத் தகப்பனாக இருந்ததற்குக் காரணமாகவும் ஆகிறது. பெண் பிள்ளைக்கோ அது சத்தமில்லாமல் செய்து முடிக்க வேண்டிய வேலையாக வந்து விடிகிறது. அவருக்கு வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்லி எந்தப் பதிப்பாளரும் வரவில்லை.

டண்டீயின் வரலாற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை நூற்றும் நெய்தும் பிழைத்த ஊர் அது. ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தார்கள். அவர்களுக்குக் கூலி குறைவு என்பதே அதற்குக் காரணம். ஆலையில் சேர்ந்த பையன்கள் ஆண்களுக்குரிய கூலி கேட்கும் வயதை எட்டியதும் வெளியே அனுப்பப்பட்டார்கள். பெண்டாட்டி ஆலைக்குப் போக, வீட்டில் உட்கார்ந்து தேநீருக்கு வெந்நீர் வைப்பவர்கள் என்று அந்த ஊர் ஆண்கள் கேலி செய்யப்பட்டதும் உண்டு. ஆக, வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆண்களை டண்டீ நன்றாகவே அறிந்திருந்தது. முன்மாதிரியே கிடைக்கவில்லை என்ற வாதம் அந்த ஊரைப் பொறுத்தவரை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

இன்னொன்றும் உண்டு. காக்ஸின் முதல் மனைவி கரோலின் பர்ட்டும் ஒரு நடிகை. கணவர் ஒத்திகையிலும் பயணத்திலும் இருந்த நாட்களில் அந்த வீடு எப்படி நடந்தது, அதற்காக யார் எந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்தார்கள் என்று இங்கே யாருமே கேட்கவில்லை. நேர்மையை அளப்பதென்றால் அந்த இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும்.

தெற்கத்தியான் எழுதியது:

இரு தரப்பிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் நடிப்பு என்ற தொழில் எப்படி நடக்கிறது என்பதைப் பேசாமல், ஒரு மனிதரின் குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றுகிறோம்.

நட்சத்திர நடிகர் வேண்டாம் என்று சொல்ல முடியும். குணச்சித்திர நடிகர் சொன்னால் அடுத்த அழைப்பு வேறொருவருக்குப் போய்விடும். காக்ஸ் வாழ்நாளின் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். ஏறத்தாழ ஐம்பது வயதில்தான் அமெரிக்கப் படங்களில் தம் இடத்தைத் தேடத் தொடங்கினார். 1995இல் ஸ்காட்லாந்தின் வரலாற்றைச் சொன்ன இரண்டு பெரிய படங்களில் நடித்தார்; இரண்டிலும் கதாநாயகன் வேறு ஆள். நாஜித் தலைவர் கோரிங் பாத்திரத்துக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. 'சக்சஷன்' தொலைக்காட்சித் தொடரில் லோகன் ராய் என்ற ஊடக முதலாளியாக உலகம் முழுவதும் அறிமுகமானது 2018இல், எழுபதைத் தாண்டிய பிறகு. ஊர் ஊராக நாடகம் போட்டு, கிடைத்த படப்பிடிப்புக்கெல்லாம் போய்வந்த ஒருவர் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்தத் தொழிலை அறியாத பேச்சு.

இத்தனைக்கும் முன்னதாக ஒரு கதவு திறந்திருந்தது. டண்டீயிலிருந்து லண்டன் நாடகப் பள்ளிக்கு அவர் போனது பொதுப் பணத்தில் கிடைத்த உதவித்தொகையால். அன்று கிடைத்தது இன்று தம்மைப் போன்ற பிள்ளைக்குக் கிடைக்காது என்று அவர் மேடைதோறும் சொல்லி வருகிறார். தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அவர் சொல்பவற்றுள் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அதை எல்லாரும் தாண்டிப் போய், பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு வந்தாரா வரவில்லையா என்பதில் நிற்கிறார்கள்.

கருங்குவளை எழுதியது:

தெற்கத்தியான் அவர்களே, உதவித்தொகை பற்றித் தாங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தொழிலின் கட்டாயம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. சோவியத் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் காக்ஸ் மாஸ்கோவுக்குப் போய் அங்குள்ள நாடக மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார், அவர்களை வைத்து நாடகம் இயக்கினார், அதைப் பற்றி நூலும் எழுதினார். அது வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த பயணம் அன்று, விருப்பத்தால் செய்தது. செய்யட்டும், கலைக்கு அது நல்லதே. ஆனால் விருப்பம் எங்கெங்கே அழைத்தது, எங்கே அழைக்கவில்லை என்பதுதான் ஒரு மனிதரைக் காட்டுகிறது.

வழிப்போக்கன் எழுதியது:

எல்லாரும் விட்டுவிட்ட ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். இந்த நடிகர் ஏற்ற பெரிய வேடங்களைப் பாருங்கள். இருபத்தைந்து ஆண் மக்களைப் பெற்று, போரில் பெரும்பாலோரைப் பறிகொடுத்து, எஞ்சியவர்களில் ஒருவனைத் தன் கையாலேயே கொல்லும் டைட்டஸ். அன்பை வாய்ச்சொல்லால் அளந்து, மகள்களுக்கு நாட்டைப் பங்கிட்டுக் கெட்ட லியர். நான்கு பிள்ளைகளை ஒருவர்மீது ஒருவர் ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் லோகன் ராய். 2024இல் லண்டனில் யூஜின் ஓ'நீல் நாடகத்தில் அவர் நடித்த ஜேம்ஸ் டைரோன், பணம் கொட்டிய ஒரே வேடத்தைப் பிடித்துக்கொண்டு தன் திறமையையும் குடும்பத்தையும் கோட்டைவிட்ட நடிகன். 2025இல் இசைமேதை பாக்காக நடித்தபோது, பாக்கின் மனைவியாக நடித்தவர் காக்ஸின் இரண்டாவது மனைவி நிக்கோல் அன்சாரி. தவறிய தகப்பன்களை இவ்வளவு ஆழமாக நடித்துக் காட்டியவர், தம் குறையை மேடையிலேயே ஈடுசெய்துவிட்டார் என்று சொல்லலாம் அல்லவா?

மாடப்புறா எழுதியது:

சொல்லக் கூடாது, வழிப்போக்கன் அவர்களே. அதற்கு காக்ஸே தடையாக நிற்கிறார். லோகன் ராயின் மகனாக நடித்த ஜெரமி ஸ்ட்ராங், படப்பிடிப்பு முடிந்த பின்னும் பாத்திரத்தை விட்டு வெளியே வராதவர். காக்ஸ் அந்த முறையை வெளிப்படையாகவே கண்டித்தார். வேடம் என்பது வேலை; வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு மனிதனாகத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய வாதம். அப்படியானால் லியர் அழுத கண்ணீரை அவருடைய குடும்பக் கணக்கில் வரவு வைக்க முடியாது. மேலும், லோகன் ராய் டண்டீயில் பிறந்தவன் என்று கதாசிரியர்கள் முடிவு செய்ததே தொடரின் முதல் பருவம் முடியும் தறுவாயில்தான். அதுவும் காக்ஸுக்குத் தெரியாமல். அந்தப் பாத்திரத்தைத் தம் வாழ்வின் நிழலாக அவர் தேடிப் போகவில்லை. வேடம் வந்தது, நன்றாக நடித்தார். அதற்குரிய பாராட்டை அதற்கு மட்டும் கொடுப்போம்.

நெடுஞ்சாலை எழுதியது:

மாடப்புறா அம்மையார் அக்காவைப் பற்றிச் சொன்னது கூர்மையானது. அதற்கு என்னிடம் நேரான விடை இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அக்கா செய்த வேலையை, தாயாருக்கு நேர்ந்ததை, தகப்பனார் கொடுத்த கடன் கணக்கை இன்று நாம் இவ்வளவு விவரமாக வைத்து வாதிடுகிறோம் என்றால், அவற்றை நமக்குச் சொன்னவர் காக்ஸ். அவர் வாயை மூடிக்கொண்டு விருதுகளை மட்டும் பட்டியலிட்டிருந்தால், அவரைக் குற்றம் சாட்டத் தேவையான சான்றுகளே நம்மிடம் இருந்திருக்க மாட்டா. அவருடைய தலைமுறையில் எத்தனை நடிகர்கள் தங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார்கள்! அவர்களை யாரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. பேசியவனுக்குத் தண்டனை, பேசாதவனுக்கு மரியாதை என்றால் இனி யார் பேசுவார்கள்?

தெற்கத்தியான் எழுதியது:

நெடுஞ்சாலை அவர்கள் கருத்தோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 2010 முதல் 2016 வரை டண்டீ பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தேர்ந்தெடுத்த ரெக்டராக (மாணவர் தரப்பைப் பேசும் பதவி) காக்ஸ் இரண்டு தவணை இருந்தார். 2025இல், எடுபிடியாகச் சேர்ந்த அதே டண்டீ ரெப்பர்டரியின் மேடையில், பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்தின் ஆவியாக வந்து நின்றார். வங்கிகளின் பேராசையைப் பற்றிய நாடகம் அது. விலகிப்போகும் இயல்பு உள்ளவர் என்று அவரே சொல்லிக்கொண்டாலும், திரும்பி வரத் தெரிந்தவர் என்பதையும் பதிவு செய்யலாம்.

கருங்குவளை எழுதியது:

திரும்பி வந்தது ஊருக்கு, தெற்கத்தியான் அவர்களே. ஊர் அவரைக் கைதட்டி வரவேற்றது. கைதட்டாத இடத்துக்குத் திரும்புவதைப் பற்றித்தான் நான் முதலிலிருந்து கேட்கிறேன்.

நெடுஞ்சாலை அவர்களுக்கு ஒரு பதில். காக்ஸ் பேசியதற்காக நான் அவரைத் தண்டிக்கவில்லை. பேசிய விதத்தைத்தான் எடைபோடுகிறேன். அந்த நூலில் ஜானி டெப், ஸ்டீவன் சீகல் போன்ற ஹாலிவுட் நடிகர்களைப் பற்றி எழுதும்போது அவர் பேனா பெயர் சொல்லி, இடம் சுட்டி, தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டுகிறது. தம்மைப் பற்றி வரும்போது அதே பேனா இயல்பு, குறை, விலகல் என்று பொதுப்பெயர்களுக்குள் புகுந்துகொள்வதாகவே எனக்குப் படுகிறது. மற்றவர்களுக்கு வைத்த உரைகல்லைத் தமக்கும் வைத்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து மெச்சியிருப்பேன். முதல் திருமணத்தில் பிறந்த மகன் ஆலன் காக்ஸும் நடிகர்தான். அந்தத் தொழிலின் கட்டாயங்களை உள்ளிருந்து அறிந்தவர். அவர் என்றாவது தம் தரப்பை நூலாக எழுதினால், அதைப் படித்துவிட்டு இந்த வாதத்தை மீண்டும் தொடங்க ஆயத்தமாக இருக்கிறேன். அதுவரை நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.