செமி ஹாலோ கிட்டார்: நடுக்கட்டை 70 மி.மீ போதுமா, நெக் சாய்வு எவ்வளவு வேண்டும்?

ஆறுதந்தி

வீட்டிலேயே ஒரு செமி ஹாலோ (நடுவில் கட்டை, இரு பக்கமும் வெற்று அறை) எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். மேல்பலகையை ஒட்டிவிட்டால் உள்ளே கைவைக்க முடியாது என்பதால், அதற்கு முன் கேட்டுவிடுகிறேன்.

38 மி.மீ மகோகனிப் பலகையை மேலிருந்து குடைந்து, அடியில் 6 மி.மீ விட்டு இரண்டு பக்கமும் அறைகள் எடுத்தாயிற்று. மேலே 6 மி.மீ மேப்பிள், தட்டையானது, வளைவு கிடையாது. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 24.75 இஞ்ச், அதாவது 628.65 மி.மீ. பசை போட்டு ஒட்டும் நெக் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்து), 16-வது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டி) பாடியைத் தொடும். இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்குவது), ஸ்டாப் டெயில்பீஸ் (கம்பி முனைகளைப் பிடிப்பது). பின்பக்க மூடி வேண்டாம், வயரிங் எல்லாம் எஃப் ஓட்டை வழியாகத்தான்.

1. நடுக்கட்டையை 70 மி.மீ அகலத்துக்கு விட்டிருக்கிறேன். போதுமா?
2. மேல்பலகை தட்டைதானே, நெக்கைச் சாய்க்காமல் நேராக வைத்துவிடலாமா?
3. எஃப் ஓட்டையின் நடு அகலம் 15 மி.மீ என்று வரைந்திருக்கிறேன். பாட் (வால்யூம், டோன் திருகி) உள்ளே போகுமா?

---

இழைப்புளி

முதல் கேள்விக்கு மட்டும். 70 போதாது. "ஒலி மாறும்" என்ற வகைப் போதாமை இல்லை இது, திருகு பிடிக்கவே மரம் இருக்காது.

டியூன்-ஓ-மேட்டிக்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே 74 மி.மீ. ஸ்டாப் டெயில்பீஸின் திருகுகளுக்கு நடுவே 82 மி.மீ. உங்கள் கட்டை மையக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 35 மி.மீ-தான் போகிறது. பிரிட்ஜ் கால் 37-லும் டெயில்பீஸ் திருகு 41-லும் இறங்கும். இரண்டுக்கும் மையமே அறைக்குள் விழுகிறது. 6 மி.மீ மேப்பிளை மட்டும் பிடித்துக்கொண்டு ஆறு கம்பியின் இழுவையையும் அந்தத் திருகுகள் தாங்காது. போதாததற்கு, ஹம்பக்கருக்குச் சுமார் 71 மி.மீ நீளத்தில் குழி எடுத்தால் கட்டை அந்த இடத்தில் முழுசாக அறுந்துபோகும்.

கணக்கு இப்படிப் போட வேண்டும்: 82, அதோடு ஒரு புஷ்ஷிங்கின் (திருகு இறங்கும் உலோகக் குழல்) விட்டம் 12, ஆக 94. இரு பக்கமும் குறைந்தது 7 அல்லது 8 மி.மீ மரம். 108 முதல் 110 மி.மீ.

குடைந்தது குடைந்ததுதான், ஆனால் பாடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கட்டையின் இரு பக்கமும் 20 மி.மீ அகலத்தில் மேப்பிள் அல்லது மகோகனிச் சட்டம் ஒட்டுங்கள். உயரம் அறையின் ஆழமான 32 மி.மீ. நெக்கிலிருந்து வால்பக்கம் வரை முழு நீளம், மர ரேகையும் அதே திசையில் ஓட வேண்டும். ரூட்டர் விட்ட அலையலையான தடத்தின் மேல் அப்படியே ஒட்டக்கூடாது. நீளமான தட்டைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி அந்தச் சுவரை நேராக்குங்கள். சட்டத்தைப் பசையில்லாமல் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் கசியக்கூடாது. சட்டத்தின் அடிப்பாகத்துக்கும் பசை உண்டு.

ஒட்டுக்கோடு மையத்திலிருந்து 35-இல் வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். டெயில்பீஸ் புஷ்ஷிங் கிட்டத்தட்ட முழுதாகப் புதுச் சட்டத்தில் உட்காரும். ஆனால் பிரிட்ஜ் புஷ்ஷிங் ஒட்டுக்கோட்டின் மேலேயே உட்காரும். அதைச் சுத்தியால் அடித்து இறக்கினால் கோடு வாய்பிளக்க வாய்ப்பு உண்டு. கையில் இருக்கும் புஷ்ஷிங்கைக் காலிப்பரால் அளந்து, அதே வகை மரத்துண்டில் ஓட்டை போட்டுப் பார்த்து, கிளாம்பால் மெதுவாக அழுத்தி இறக்குங்கள். வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு, ஓட்டையின் வாயைச் சற்றுச் சாய்த்துச் சீவிவிட்டு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் வார்னிஷ் வளையம் வளையமாக வெடிக்கும்.

---

மில்லிமீட்டர்

இரண்டாவது கேள்வி. தட்டைப் பலகை என்பதால் சாய்வு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். சாய்வை முடிவு செய்வது பலகை மட்டுமில்லை, பிரிட்ஜின் உயரமும்தான். பிரிட்ஜை வாங்கி மேசையில் வைத்து அளந்த பிறகுதான் நெக் வரைபடமே போட வேண்டும்.

உங்கள் அளவுகளிலேயே பார்ப்போம். ஃப்ரெட்போர்டு 6 மி.மீ, ஃப்ரெட் 1.2 மி.மீ என்று வைத்துக்கொண்டால், பாடி விளிம்பில் ஃப்ரெட்டின் உச்சி மேல்பலகையிலிருந்து 7.2 மி.மீ. 12-வது ஃப்ரெட்டில் கம்பி 1.8 மி.மீ உயரத்தில் நிற்க வேண்டும். 12-வது ஃப்ரெட் ஸ்கேலின் பாதி என்பதால் பிரிட்ஜில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும், 3.6 மி.மீ. நெக் நேராக இருந்தால் சேடில் (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) நிற்க வேண்டிய உயரம் 7.2 + 3.6 = 10.8 மி.மீ. டியூன்-ஓ-மேட்டிக் அவ்வளவு கீழே இறங்காது. அடிவரை திருகிய பிறகும் கம்பி உயரமாகவே நிற்கும்.

இப்போது தலைகீழாகப் போங்கள். மேலேயும் கீழேயும் திருக இடம் இருக்கும்படி நடு நிலையில் சேடில் உயரம் 17 மி.மீ என்று கொள்வோம் (உங்கள் பிரிட்ஜை அளந்து இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்). 17 − 3.6 = 13.4. ஃப்ரெட் தளம் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் இந்த உயரத்தில் போக வேண்டும். விளிம்பில் 7.2, ஆக ஏற்றம் 6.2 மி.மீ. 16-வது ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தூரம் 249.5 மி.மீ. 6.2-ஐ 249.5-ஆல் வகுத்தால் 100 மி.மீ-க்கு 2.5 மி.மீ ஏற்றம், கோணத்தில் சுமார் 1.4 டிகிரி.

இணையத்தில் கிடைக்கும் கிப்சன் இஎஸ்-335 வரைபடத்துக் கோணத்தை எடுத்து இதில் போட்டுவிடாதீர்கள். 1958-இல் வந்த அந்தக் கிட்டாரின் மேல்பலகை மேப்பிள், பாப்ளர், மேப்பிள் என்று ஒட்டி அச்சில் வளைத்தது. அந்த வளைவுக்கும் நடுக்கட்டைக்கும் இடையே ஸ்புரூஸ் துண்டுகள் இட்டு நிரப்பியிருப்பார்கள். பிரிட்ஜ் அந்த மேட்டின் மேல் நிற்பதால் கோணம் வேறு. நீங்கள் செய்வது கட்டுமானத்தில் 1968-இன் ஃபெண்டர் டெலிகாஸ்டர் தின்லைனுக்குத்தான் நெருக்கம்.

சாய்வு வைத்தால் இரண்டு இடத்தில் தவறும். ஒன்று, குழியின் திசை. நெக்கின் நாக்கு இறங்கும் குழி பாடி விளிம்பில் ஆழமாகவும், பிரிட்ஜை நோக்கிப் போகப் போக ஆழம் குறைந்தும் இருக்க வேண்டும். ரூட்டர் ஓடும் இரண்டு சட்டங்களுக்கும் பிரிட்ஜ் பக்கத்து முனையில் ஆப்பு வைத்து உயர்த்தினால் சரியாக வரும். மாற்றி வைத்தால் நெக் முன்னால் குனிந்து நிற்கும். இன்னொன்று, ஃப்ரெட்போர்டின் வால். 16-வது ஃப்ரெட்டுக்கு அப்புறம் சுமார் 80 மி.மீ பாடியின் மேல் நீள்கிறது, அதன் முனை பலகையிலிருந்து 2 மி.மீ தூக்கி நிற்கும். அந்த இடைவெளிக்கு 0-விலிருந்து 2 மி.மீ வரை தடிக்கும் மெல்லிய ஆப்பு ஒன்று சீவிக்கொள்ளுங்கள். வெறுமனே விட்டால் கடைசி ஃப்ரெட்கள் நாளடைவில் தொய்யும்.

பிரிட்ஜ் ஓட்டையை நெக் பொருத்திய பிறகே போடுங்கள். நெக்கின் இரு ஓரமும் நேர்கோல் வைத்துப் பிரிட்ஜ் வரை கோடிழுத்தால் உண்மையான மையம் தெரியும். அது பலகை ஒட்டுக்கோட்டிலிருந்து ஒரு மி.மீ தள்ளி இருந்தால் நெக்கின் கோட்டைத்தான் நம்ப வேண்டும். நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பி அமரும் பட்டை) அளந்தால், மெல்லிய ஈ கம்பிப் பக்கத்துக் கால் ஸ்கேலுக்கு 2 மி.மீ பின்னால், தடித்த ஈ பக்கத்துக் கால் 5 மி.மீ பின்னால்.

---

ஆறுதந்தி

இருவருக்கும் நன்றி. 70 என்ற எண் ஹம்பக்கர் அகலத்திலிருந்து வந்தது, பிரிட்ஜை அளக்கவே இல்லை. இன்னொன்று: சாய்க்காமல், நெக்கை அப்படியே 6 மி.மீ உயர்த்தி வைத்தால்? குழி எடுப்பது சுலபமாகிவிடுமே.

---

மில்லிமீட்டர்

முடியும், தப்பில்லை. ஏற்றம் 6.2 மி.மீ தேவை என்றோம், அதையே ஃப்ரெட்போர்டுக்கு அடியில் நெக் மரமாக விட்டுவிடலாம். குழி தட்டையாக இருக்கும், ஆப்பும் வேண்டாம். விலை என்னவென்றால், நெக் பிக்கப் இருக்கும் இடத்திலும் கம்பி பலகையிலிருந்து 16 மி.மீ அளவுக்கு மேலே போகும் (சாய்த்தால் அங்கே 12 போல இருக்கும்). நெக் பிக்கப்புக்கு வழக்கமாக வரும் குட்டை வளையம் (பிக்கப்பைத் தாங்கும் சட்டம்) எட்டாது, உயரமானது தேட வேண்டும். வலது கை பலகையில் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்கும் உணர்வு சிலருக்குப் பிடிப்பதில்லை. என் ஓட்டு சாய்வுக்கே.

---

ஈயப்புகை

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, செமி ஹாலோவில் ஆளை அழவைக்கும் பகுதியே அதுதான்.

15 மி.மீ ஓட்டையில் எதுவும் போகாது. முழு அளவு பாட்டின் விட்டம் 24 மி.மீ, சின்ன வகை 16 மி.மீ. கால்களையும் அதில் சால்டர் செய்த வயரையும் சேர்த்தால் சின்னதற்கே 20 மி.மீ வழி வேண்டும். எஃப்-இன் நடுப்பகுதியை 20-க்கு அகலப்படுத்துங்கள், பார்க்கவும் மோசமாக இராது. அல்லது பிரிட்ஜ் பிக்கப் குழியின் பக்கச் சுவரைக் கண்ட்ரோல் இருக்கும் அறைப்பக்கம் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் அந்த வழியாக நுழைக்கலாம். கட்டை அங்கே கொஞ்சம் பலம் இழக்கும், ஆனால் பிரிட்ஜுக்கு அடியில் கைவைக்காதவரை பரவாயில்லை.

பலகை ஒட்டுவதற்கு முன் செய்தே ஆக வேண்டியவை: சின்ன பாட்டின் மரை 6 மி.மீ பலகையைத் தாண்டி வந்து நட்டைப் பிடிக்கும் அளவுக்கு நீளமாக இருப்பது அரிது. பாட் வரும் இடங்களில் பலகையின் அடிப்பக்கத்தை 30 மி.மீ விட்டத்துக்கு, 3 மி.மீ கனம் மிஞ்சும்படி குடைந்துவிடுங்கள். ஸ்விட்ச் இடத்திலும் அப்படியே. ஃபார்ஸ்ட்னர் பிட்டின் நடு ஊசி விளிம்பைவிட நீட்டிக்கொண்டிருக்கும், அது மேப்பிளின் மறுபக்கம் எட்டிப்பார்த்துவிடும். ஆழத்தை ஊசி முனையிலிருந்து அளக்க வேண்டும், அல்லது ரூட்டராலேயே எடுங்கள். நெக் பிக்கப்பிலிருந்தும் பிரிட்ஜ் பிக்கப்பிலிருந்தும் கண்ட்ரோல் அறைக்கு வயர் போகக் கட்டையில் 8 மி.மீ வழி, டெயில்பீஸ் புஷ்ஷிங் ஓட்டை வரும் இடத்துக்கு எர்த் வயருக்காக 3 மி.மீ வழி, இரண்டும் இப்போதே. எர்த் வழியை மறந்தால் கம்பியைத் தொடும்போதுகூட இரைச்சல் அடங்காது.

ஜாக்குக்குப் பக்கச் சுவரில் 22 மி.மீ ஓட்டை போட்டு உலோகத் தகடு வைக்கும் வகையை எடுங்கள். சுவர் 15 மி.மீ தடிமன் இருந்தாலும் கவலை இல்லை. ஏதாவது அறுந்தால் வயர் கற்றையை வெளியே இழுக்கவும் அது ஒரு வாசல்.

கண்ட்ரோல்களைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரு வால்யூம், ஒரு டோன், மூன்று வழி ஸ்விட்ச். பாட் 500 கே (கிலோ ஓம்), டோனுக்கு 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அறைக்குள் செப்புத்தாள் ஒட்டுவது நடக்காத காரியம், ஆகவே வயர் எல்லாம் ஷீல்டு போட்டது. மேலே பின்னல் வெறுமையாக இருக்கும் வகை என்றால் சுருங்கும் குழாய் போடுங்கள், பாட் காலில் உரசினால் ஒலி மொத்தமாகப் போய்விடும்.

கிட்டார் ஓட்டைகளின் அதே இடைவெளியில் அட்டையில் ஓட்டை போட்டு, பாட்களை அதில் மாட்டி வெளியிலேயே சால்டர் முடியுங்கள். ஜாக்கை ஆம்பில் சொருகி, பிக்கப்பின் மேல் ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள், ஸ்விட்சின் மூன்று நிலையிலும். பிறகு மீன்தொட்டி ஏர் பம்ப் குழாயை ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் மேலிருந்து விட்டு, எஃப் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, பாட்டின் தண்டில் இறுக்கிச் சொருகுங்கள். குழாயை இழுத்தால் பாட் தன் ஓட்டைக்கு வந்து நிற்கும். வாஷரையும் நட்டையும் குழாயின் மேலேயே கோத்து இறக்கி, தண்டில் சில சுற்று பிடித்த பிறகே குழாயைக் கழற்றுங்கள். அவசரப்பட்டால் பாட் உள்ளே விழும், மறுபடி முதலிலிருந்து. தூரத்தில் இருப்பதை முதலில் இழுங்கள், ஜாக் கடைசி.

---

இழைப்புளி

பலகை ஒட்டும்போது இரண்டு விஷயம். பசை ஈரத்தில் பலகை வழுக்கி நகரும். பின்னால் பிக்கப் குழியாக வெட்டிப் போகப்போகும் இடத்தில் இரண்டு 3 மி.மீ முளை அடித்து நிறுத்துங்கள், தடயமே மிஞ்சாது. எஃப் ஓட்டைக்கு நேர் கீழே தெரியும் அறையின் தரைக்குக் கறுப்போ கறையோ ஒட்டுவதற்கு முன் பூசிவிடுங்கள். ஒட்டும் விளிம்பில் மட்டும் சாயம் படக்கூடாது, பசை பிடிக்காது. அறைப்பக்கம் பசையை மெல்லிசாக இழுங்கள். அங்கே வழிந்தது காய்ந்தபின் எஃப் வழியாகப் பல்லிளிக்கும், உளி எட்டாது.

சட்டம் ஒட்டியதும் நடுக்கட்டையின் மேல்முகமும் பாடி விளிம்பும் ஒரே மட்டமா என்று நீள நேர்கோல் வைத்துப் பாருங்கள். புதுச் சட்டம் கால் மி.மீ தூக்கியிருந்தாலும் மேப்பிள் அதன் மேல் ஊஞ்சலாடும், விளிம்பில் பசைக்கோடு தடித்துத் தெரியும்.

---

ஆறுதந்தி

சட்டம் 20 மி.மீ அறுத்தாயிற்று. பசையில்லாமல் வைத்து டார்ச் அடித்ததில் இடது பக்கம் வால் முனையில் வெளிச்சம் கசிகிறது. அந்தச் சுவரை இன்னும் தேய்க்கிறேன். பிரிட்ஜை நடு நிலையில் அளந்தேன், சேடில் 16 மி.மீ. அப்படியானால் ஏற்றம் 5.2, 100 மி.மீ-க்கு 2.1. சரிதானே?

---

மில்லிமீட்டர்

சரி. சுமார் 1.2 டிகிரி. ஃப்ரெட்போர்டு வாலில் ஆப்பு 1.7 மி.மீ.