கோயில் மதிலைப் பழுதுபார்க்கப் போன அனுபவம் உண்டா?

நான் இருப்பது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். வேலைக்கு நடந்து போகும் சந்தின் ஒரு பக்கம் முழுக்கப் பழைய கிறிஸ்தவப் பங்குக் கோயிலின் கல்மதில். ஆறு வருடம் அதை ஒட்டியே நடந்திருக்கிறேன், ஏறிட்டுப் பார்த்ததில்லை. போன குளிர்காலம் முடிந்தபோது ஓரிடத்தில் மதில் வயிறு தள்ளி நின்றது. பழுதுபார்க்க ஆள் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். போனேன்.

உள்ளே போய் நின்றதும்தான் விஷயம் புரிந்தது. சந்திலிருந்து பார்த்தால் மதில் என் தலைக்கு மேல். உள்ளே அதே மதில் இடுப்பளவு! பல நூற்றாண்டுகளாகக் கோயிலைச் சுற்றியுள்ள அந்தச் சின்னக் கல்லறைத் தோட்டத்திலேயே ஊராரை அடக்கம் செய்துவந்ததில் மண் அவ்வளவு மேடேறியிருக்கிறது. வேலி என்று நான் நினைத்திருந்த மதில், ஊரின் அத்தனை தலைமுறையையும் சந்தில் சரியவிடாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

எப்போதோ யாரோ கல் இடுக்குகளில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் சிமென்ட் அந்த மணற்கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை வெளியே விடாது. ஈரமெல்லாம் கல்லிலேயே தங்கி, உறைபனியில் விரிந்து, கல்லின் முகம் ஏடு ஏடாக உரிகிறது. விரலால் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. கற்கள் உள்வாங்கிப்போக, சிமென்ட் கோடுகள் மட்டும் விலா எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன. அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைகளையும் அடைத்துவிட்டிருந்தார்கள். கொத்தனார் உளியால் ஓர் ஓட்டையைத் திறந்தார். பழுப்புத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்து, நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும்வரை நிற்கவில்லை.

சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, இடுக்கை நனைத்து, சுண்ணாம்புக் கலவையை அழுத்தி அடைத்தோம். கொஞ்சம் இறுகியதும் முரட்டு பிரஷ்ஷால் தட்டி, ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் அன்று வேலை கிடையாது. உங்களுக்கும் இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

* * *

உங்கள் பதிவைப் படித்ததும் நினைவு வந்தது: நான் படித்தது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். அங்கே கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குள் பழைய நகர மதிலின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. 1513இல் ஃப்ளாடன் போரில் இங்கிலாந்திடம் ஸ்காட்லாந்து தோற்ற பிறகு எழுந்த மதில் அது. தோட்டத்தின் சுற்றுச்சுவர்களிலோ 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சின்னங்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். அங்கே சுவரை இடித்துக் கட்டுவதென்றால் கல்லறையையும் சேர்த்துத்தான் தொட வேண்டும். மனசு வருமா?

* * *

நீங்கள் கேட்ட அனுபவம் எனக்கும் உண்டு. நான் ஒரு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி ஒரு வேலைக்குப் போன இடத்தில், மதில்மேல் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்ததை அழுக்கு என்று நினைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு பெரியம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அது லைக்கன், கல்லில் ஒட்டி வளரும் உயிர். பிரிட்டனின் கோயில் கல்லறைத் தோட்டங்களில் மட்டும் 700க்கும் மேற்பட்ட லைக்கன் வகைகளைப் பார்த்திருக்கிறார்களாம். பல வகைகள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஒரு உள்ளங்கை அகலம் தேய்த்திருந்தேன். அது எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்து பிரஷ்ஷைத் தொடவே கை கூசுகிறது.

அப்புறம் ஒன்று. இங்கிலாந்துத் திருச்சபையின் கோயில் என்றால், ‘ஃபேக்கல்ட்டி’ என்ற அனுமதி தேவையா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அடக்கத்துக்கு மூடப்பட்ட தோட்டமாக இருந்தால், 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி பராமரிப்பை உள்ளூர் மன்றத்திடம் ஒப்படைக்க வழியுண்டு. எங்கள் ஊரில் பணம் வந்தது அந்த வழியில்தான்.

* * *

முதலில் எழுதியவன்தான். எங்கள் கொத்தனாரும் லைக்கன் இருந்த மேல்கற்களைப் புரட்டாமல் எடுத்து, அதே திசையில் திருப்பி வைத்தார். அன்று ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நேற்று நல்ல மழை. சந்தில் நின்று பார்த்தேன், திறந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.