உயிர் எலியா, கொன்ற எலியா? போல் பைதன் ரெண்டையும் தொடுதில்லை

பாலையூற்றுப் பல்லி:

வணக்கம். போல் பைதன் (ball python, சின்ன மலைப்பாம்பு வகை) ஒன்று, ஆண், வயசு ஒன்றரை, நிறை 650 கிராம். அனுமதிப்பத்திரம் எல்லாம் ஒழுங்கா இருக்கு, அதால நேரா சாப்பாட்டுக் கதைக்கே வாறன்.

இவ்வளவு நாளும் கிழமைக்கு ஒரு வெள்ளைச் சுண்டெலி, 25 கிராம் அளவு, உயிரோட. போன மாசம் கொழும்பில இருந்து உறைஞ்ச எலி பத்து எடுப்பிச்சது. குழாய்த் தண்ணியில ஒரு மணித்தியாலம் போட்டு, ஐஸ் விட்டாப் பிறகு பெட்டிக்குள்ள வைச்சால், கிட்ட வந்து நாக்கை நீட்டிப் பாத்திட்டுத் திரும்பிப் போகுது. ரெண்டு தரமும் இதேதான். அதுக்குப் பிறகு உயிர் எலியையும் தொடேல்ல. மூண்டு கிழமையாச்சு, நிறை இப்ப 638.

உயிர் எலிக்கே திரும்பிப் போறதா, கொன்ற எலிக்குப் பழக்கிறதா? பழக்கிறதெண்டால் எப்படி? வீட்டுப் பொறியில விழுற எலி சரிவருமா? கரண்ட் போனால் பிரீசரில இருக்கிறதை என்ன செய்யிறது?

உவர்மலைக்காரன்:

தம்பி, கொன்ற எலிக்கே பழக்குங்கோ. கருணை, பாவம் எண்ட கதையைப் பிறகு பாப்பம். முதல் காரணம் உங்கட பாம்பின்ர முகம்.

பாம்பு எலியின்ர தலையை அல்லது தோளைப் பிடிச்சுச் சுத்தினால் சில விநாடியில அலுவல் முடிஞ்சிடும். மூச்சடைச்சுச் சாகுது எண்டுதான் முந்திச் சொன்னவை. போவாப் பாம்பை வைச்சு 2015இல வந்த ஆய்வு, நெரிக்கத் தொடங்கின கையோட எலியின்ர இரத்த ஓட்டம் நிண்டு போறதைக் காட்டினது. ஆனா இது பிடி சரியா விழுந்தால். நடு உடம்பிலயோ பின்னங்காலிலயோ பிடிச்சால் எலியின்ர வாய் வெளியில நிக்கும். அது கண்ணைக் கடிக்கும், உதட்டைக் கிழிக்கும், சுத்தின உடம்பைத் தோல் தாண்டிக் கொறிக்கும். அதைவிட மோசம், பாம்புக்குப் பசியில்லாத நாளில எலியை இரவு முழுக்க உள்ள விட்டு வைக்கிறது. தின்ன ஒன்றும் இல்லாத எலி சும்மா கிடக்கிற பாம்பைத்தான் கொறிக்கும். முதுகெலும்பு தெரியிற அளவுக்குத் தின்னப்பட்ட பாம்புகளின்ர படம் இணையத்தில நிறையக் கிடக்கு. போல் பைதன் ஓடாது, பந்தாச் சுருண்டு தலையை ஒளிக்கும். பேரே அதாலதானே.

இனி உங்கட பிழை. எலி செத்திருந்தது பிழையில்லை, குளிர்ந்திருந்ததுதான் பிழை. இந்தப் பாம்பின்ர உதட்டோரம் இருக்கிற குழிகள் சூட்டை உணருறவை. இருட்டில அது எலியைக் கண்ணால தேடுறதைவிடச் சூட்டாலதான் தேடுது. குழாய்த் தண்ணிச் சூட்டில கிடக்கிற எலி அதுக்கு எலி இல்லை, மணக்கிற ஒரு கல்லு.

முதல் நாள் இரவு எலியைக் காத்து எடுத்த சிப் பையில போட்டு பிரிட்ஜின்ர கீழ்த்தட்டுக்கு இறக்குங்கோ. 25 கிராம் சுண்டெலிக்கு எட்டு மணித்தியாலம் காணும். 80 கிராமுக்கு மேற்பட்ட எலிக்கு ஒரு முழு இரவும் கொஞ்சமும் வேணும். மேசையில வைச்சு விடாதேங்கோ, எங்கட ஊர்ச் சூட்டில மேல்தோல் இளகி வயிறு பழுதாகேக்கயும் நடுவில ஐஸ் இருக்கும். அடுத்த நாள் பின்னேரம் வயித்தையும் நெஞ்சையும் விரலால அமத்திப் பாருங்கோ. கட்டி ஏதும் தட்டுப்படக் கூடாது. உள்ள குளிரா இருக்கிற எலியை விழுங்கினால் கக்கிறதுக்கு இடமிருக்கு. பிறகு பையோடயே சுடுதண்ணியில பத்துப் பதினைஞ்சு நிமிசம். கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணி அளவுச் சூடு, 40 பாகைக்குக் கிட்ட. கொதிதண்ணி வேண்டாம், தோல் அவிஞ்சு வயிறு வெடிக்கும். மைக்ரோவேவ் அறவே வேண்டாம். எலி வெளியில வரேக்க மேல்தோல் 37, 38 பாகை காட்ட வேணும். கொரோனாக் காலத்தில நெத்திக்குப் பிடிச்ச துவக்கு வீட்டில கிடந்தால் அதே போதும். தலையை மட்டும் கடைசியா இன்னும் அஞ்சு விநாடி தண்ணியில பிடிச்சால் பாம்பு தலைப்பக்கமே குறிவைக்கும். மயிர் நனைஞ்சிருந்தால் துடையுங்கோ, ஈரம் கெதியாச் சூட்டை இறக்கும்.

லைற் அணைச்சு அரை மணித்தியாலம் கழிய, 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத இடுக்கியால எலியின்ர இடுப்பைப் பிடிச்சு, ஒளிப்பிடத்தின்ர வாசலுக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கோ. மூஞ்சியில கொண்டுபோய் இடிச்சால் அது பயந்து உள்ள இழுத்திடும். எலி நடக்கிற மாதிரி மெல்ல அசைச்சு, நிப்பாட்டி, திரும்ப அசைக்கிறது. பிடிச்சுச் சுத்தின பிறகு வாலை ரெண்டு தரம் மெல்ல இழுத்து விட்டால் இன்னும் இறுக்கும், விடாது. பத்து நிமிசத்தில எடுக்காட்டி ஒரு தட்டில வைச்சு, பெட்டியை மூடி, ஆளில்லாம விடுங்கோ. விடிய மிஞ்சிக் கிடந்தால் குப்பைக்கு. திரும்ப உறைய வைக்கிற வேலை இல்லை.

கடலோரம்:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா உயிர் எலியையும் தொடேல்ல எண்டு எழுதியிருக்கிறீங்கள். அது எலியின்ர பிரச்சினை இல்லை. இது ஆனி மாசம், கச்சான் எண்ட காஞ்ச சூட்டுக்காத்து அடிக்குது (திங்கிற கச்சானை, வேர்க்கடலையைச் சொல்லேல்ல). பெட்டியின்ர குளிர்ப் பக்கம் எத்தினை பாகை?

பாலையூற்றுப் பல்லி:

இப்பதான் பாத்தன். பின்னேரம் மூண்டு மணிக்குச் சூட்டுப் பக்கம் 36, குளிர்ப் பக்கம் 33. ஈரப்பதன் 41. பெட்டி மேல்மாடி அறையில, மேல தகரம்.

கடலோரம்:

அதுதான் விசயம். சூட்டுப் பக்கம் 31–32, குளிர்ப் பக்கம் 26–27, ஈரப்பதன் 60ஐ ஒட்டி இருக்க வேணும். போக ஒரு குளிர்ந்த மூலை இல்லாத பாம்பு தின்னாது. வில்லங்கமாத் தின்னக் குடுத்தாலும் கக்கக்கூடும்.

பெட்டியைக் கீழ்வீட்டுக்கு இறக்கி, நடு அறையில நிலத்தோட வையுங்க. தேர்மோஸ்டற் இருந்தால் சூட்டுத்தட்டு தானா நிக்கும். இல்லையெண்டால் பகலில கழட்டி விடுங்க. அரை லீற்றர் போத்தலில தண்ணியை உறைய வைச்சு, துணி சுத்தி, குளிர்ப் பக்கத்து மூடிக்கு மேல வைச்சால் ரெண்டு மூண்டு பாகை இறங்கும். மின்விசிறியைப் பெட்டிக்கு நேர பிடிக்காதீங்க, கச்சான் காயவைக்கிறது காணாதெண்டு அதுவும் சேந்து காயவைக்கும். ஈரப்பாசி போட்ட ஒரு ஒளிப்பிடம் குளிர்ப் பக்கத்தில கட்டாயம் வேணும். கண் பால்நீலமா மாறியிருக்கா எண்டும் பாருங்க; செட்டை கழட்டப் போற பாம்புக்குச் சாப்பாட்டை நீட்டிறதே வீண்வேலை.

650இல 12 கிராம் குறைஞ்சது ரெண்டு வீதம்கூட இல்லை. பத்து வீதத்தைத் தாண்டினால் மிருக வைத்தியரிட்டக் காட்டுங்க. இப்ப ஒரு கிழமை சாப்பாடே நீட்டாமல் விடுங்க.

மூதூர்ப்பக்கம்:

உவர்மலை அண்ணன் சொல்றதோட பெரும்பாலும் உடன்பாடு. ஆனா "உயிர் எலி எண்டாலே பிழை" எண்ட மாதிரிப் போகக் கூடாது. முட்டையில இருந்து வந்து முதல் சாப்பாட்டையே எடுக்காத குட்டிக்கு உயிருள்ள எலிக்குஞ்சு தேவைப்படுற நேரம் இருக்கு. அங்க பாக்க வேண்டியது எலியின்ர வயசை. சுண்டெலிக் குஞ்சுக்கு முன்பல் முளைக்கிறது பத்து நாள் அளவில, கண் திறக்கிறது பன்னிரண்டு, பதினாலு நாளில. அதுக்கு முந்தின பிங்கியும் (மயிர் முளைக்காத குஞ்சு) பஸ்ஸியும் (மயிர் அரும்பின குஞ்சு) பாம்பைக் கடிக்க ஏலாது. கண் திறந்த பிறகு கணக்கு மாறும்.

வளந்த எலியை உயிரோட விட்டே ஆகணும் எண்டால், எலிக்கு முதல் வயிறு நிறையத் தீன் போடுங்க, பாம்பின்ர கண் தெளிவா இருக்கா பாருங்க, பக்கத்திலயே இருங்க, பதினைஞ்சு நிமிசத்தில எலியை வெளிய எடுங்க. போன் பாத்துக்கொண்டு இருக்கிறது பக்கத்தில இருக்கிற கணக்கில சேராது.

நடுவழி ஒன்றும் இருக்கு. உயிர் எலிக்குப் பழகின பாம்பை நேரா உறைஞ்ச எலிக்கு இழுக்காம, அப்பதான் கொன்ற, உடம்புச்சூடு ஆறாத எலியை ரெண்டு மூண்டு தரம் குடுத்துப் பாருங்க. அதை இடுக்கியில இருந்து எடுக்கப் பழகின பிறகு உறைஞ்சதுக்கு மாறுறது லேசு. மணம் காணாட்டி, உயிர் எலி இருந்த கூட்டின்ர மரத்தூளில இளகின எலியைப் புரட்டி எடுக்கலாம்.

பாலையூற்றுப் பல்லி:

நன்றி. அப்ப வீட்டில எலியைக் கொல்லுறது எப்படி? அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து காஸ் எடுக்கலாம் எண்டு வீடியோக்களில காட்டுறாங்கள். பொறி எலி பற்றியும் ஒருத்தரும் சொல்லேல்ல.

திருமலை அக்கா:

பொறி எலி வேண்டாம், தம்பி. எங்கட பகுதியில வயல் வழியயும் வீட்டு வழியயும் எலிக்காய்ச்சல் இருக்கு. அந்தக் கிருமி எலியின்ர மூத்திரத்தில வாறது, உங்கட கையில இருக்கிற சின்னக் கீறலுக்குள்ளாலயே போகும். இது பாம்பைவிட உங்களுக்கு ஆபத்து. மற்றது எலிப்பாசாணம். இரத்தம் உறையாமச் செய்யிற வகை நஞ்சு தின்ற எலி உடன சாகாது, மூண்டு நாலு நாள் சோர்ந்து திரியும், லேசாப் பிடிபடுறதும் அதுதான். நஞ்சு ஈரலில தங்கி நிக்கும், பாம்பு ஈரலையும் சேத்துத்தான் விழுங்குது. பிரீசர் இதுக்கெல்லாம் பரிகாரம் இல்லை. சல்மொனெல்லாவும் உறைநிலையில சாகாது. வளர்ப்பெலியெண்டாலும் தொட்டால் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேணும், குசினிப் பாத்திரத்தில எலியை இளக வைக்கக் கூடாது.

கொல்லுறது பற்றி. உயிரோட பிரீசருக்குள்ள வைக்கிறது, தண்ணியில அமத்திறது ரெண்டும் சித்திரவதை. காபனீரொட்சைட்டு சரியான முறைதான், ஆனா சிலிண்டரில இருந்து, அளவுமானியோட. அமெரிக்க மிருக வைத்தியர் சங்கத்தின்ர 2020 வழிகாட்டி, பெட்டிக் கொள்ளளவின்ர 30 தொடக்கம் 70 வீதம் ஒரு நிமிசத்துக்குப் போக வேணும் எண்டு சொல்லுது. பத்து லீற்றர் பெட்டியெண்டால் நிமிசத்துக்கு 3 முதல் 7 லீற்றர். முதலே காஸ் நிரப்பி வைச்ச பெட்டிக்குள்ள எலியைப் போடக் கூடாது, மூக்கும் கண்ணும் எரிஞ்சு துடிக்கும். மூச்சு நிண்ட பிறகும் ஒரு நிமிசமாவது காஸ் ஓட வேணும், பிறகு நெஞ்சைத் தொட்டு இதயத் துடிப்பு இல்லையெண்டு உறுதிப்படுத்த வேணும். அப்பச்சோடா முறையில எவ்வளவு காஸ், எந்த வேகத்தில வருது எண்டு பிடிக்கேலாது, வினாகிரி ஆவியும் சேரும். அரைகுறையா மயங்கி எழும்பிற எலிதான் மிச்சம். பிறந்த குஞ்சுகளுக்குக் காஸே சரிவராது, ஒட்சிசன் குறைவைத் தாங்கிற உடம்பு, மிச்ச நேரம் எடுக்கும். கழுத்தெலும்பு விலத்திற முறை கெதியானது, ஆனா அதை மிருக வைத்தியரிட்ட நேரில பாத்துப் பழகாமச் செய்யாதேங்கோ. இவ்வளவும் ஏலாதெண்டால் உறைஞ்சதை வாங்கிறதுதான் வழி.

பாம்பை எலி கடிச்சால்: உப்புநீர்க் கரைசலால கழுவி, பொவிடோன் அயடீனை வெளிறின பிளேன்ரீ நிறத்துக்குக் கரைச்சு ஒற்றி, மரத்தூளை எடுத்திட்டு வெறும் கடதாசி விரியுங்கோ. மஞ்சள் பூசாதேங்கோ. கண், வாய், ஆழமான காயம் எண்டால் அண்டைக்கே வைத்தியரிட்ட.

உவர்மலைக்காரன்:

கரண்ட் கேள்வி மிஞ்சிக் கிடக்கு. திறக்காம விட்டால் நிறைஞ்ச பெரிய பிரீசர் ரெண்டு நாள் தாங்கும், அரைவாசி நிறைஞ்சது ஒரு நாள். ஒற்றைக்கதவு பிரிட்ஜின்ர மேல்பெட்டியை நம்பாதேங்கோ. ஒரு பேணியில தண்ணியை உறைய வைச்சு மேல ஒரு ரூபாய்க் குத்தியை வையுங்கோ. வீட்டில இல்லாத நேரம் கரண்ட் போய் வந்திருந்தால் குத்தி சொல்லும்: மேலயே கிடந்தால் பிரச்சினையில்லை, அடியில கிடந்தால் எலி முழுக்கக் குப்பைக்கு. ஒருக்கால் இளகின எலி வயிறு பச்சை பத்தும், விழுங்கேக்க வெடிக்கும். இதாலதான் எங்கட ஊரில ஐம்பது, நூறு எண்டு வாங்கிக் குவிக்கிறது புத்தியில்லை. ரெண்டு மாசத்துக்குப் போதுமானது காணும், ஆறு மாசத்துக்கு மேல எதையும் வைச்சிருக்காதேங்கோ.

கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில வாற ஏழெட்டு மணித்தியாலத்துக்கு வெறும் ஐஸ் காணாது. ஐஸ் சுழியப் பாகையில நிக்கும், எலி மெல்ல இளகும். மீன் அனுப்பிற ரெஜிபோம் பெட்டியில மூண்டு பங்கு உடைச்ச ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்புக் கலந்தால் சுழியத்துக்கு நல்லாக் கீழ இறங்கும். உப்புத்தண்ணி எலியில படாமப் பையை இரட்டையாக் கட்டச் சொல்லுங்கோ.

மற்றது அளவு. 650 கிராம் ஆணுக்கு 25 கிராம் எலி நாலு வீதம்தான், அதைக் கிழமைக்கொருக்கா குடுக்கிறதைவிட 45 கிராம் அளவில ஒரு எலிக்குட்டி (சுண்டெலி இல்லை, பெரிய எலியின்ர குட்டி), பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருக்கா. எலியின்ர அகலம் பாம்பின்ர மொத்தமான இடத்தளவு இருந்தால் சரி. ஆனா இத்தினை நாள் பட்டினிக்குப் பிறகு முதல் சாப்பாடு பழைய 25 கிராமே இருக்கட்டும். விழுங்கின பிறகு ரெண்டு நாள் கையில எடுக்க வேண்டாம். கக்கினால் பத்துப் பதினாலு நாள் பொறுத்து, அரைவாசி அளவில திரும்பத் தொடங்குங்கோ.

பாலையூற்றுப் பல்லி:

பெட்டி கீழ இறங்கிட்டுது. இப்ப 31, 28. எலிகளை வைச்சிருக்கிறது வீட்டுப் பிரிட்ஜின்ர மேல்பெட்டியிலதான், ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள.

கடலோரம்:

28ஐ இன்னும் ஒரு பாகை இறக்கப் பாருங்க. ஐஸ்கிறீம் பெட்டியில நாலு பக்கமும் மூடியிலயும் "எலி" எண்டு மாக்கரால எழுதி ரேப் ஒட்டுங்க. வெள்ளிக்கிழமை அம்மா அதைத் திறந்தால் பாம்போட சேத்து உங்களுக்கும் சாப்பாடு இல்லை.