‘முடிவு ஆதரவு அமைப்பு’க்கு மாற்றாகத் ‘தேர்துணை’

குழுவினருக்கு வணக்கம்.

மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது அவருக்கு ஆலோசனை சொல்லும் கணினி நிரலுக்கு (clinical decision support system) நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள ‘மருத்துவ முடிவு ஆதரவு அமைப்பு’ என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ‘முடிவு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ரத்தப் பரிசோதனை முடிவு. மற்றொன்றை நோயாளியின் உறவினர் முன் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவதாக இதையும் அதன் தலையில் ஏற்ற வேண்டுமா? ‘ஆதரவு’ இன்னும் மோசம். எடுத்த முடிவுக்குத்தான் ஆதரவு கொடுப்பார்கள். இந்த நிரலோ முடிவுக்கு முன்பே பேசுவது. சில வேளைகளில் மருத்துவர் நினைத்ததற்கு எதிராகவும் பேசுவது.

அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டுச் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு மூச்சுக்கு எவ்வளவு காற்று செலுத்துவது? 2000-இல் வெளியான பெரிய ஆய்வுக்குப் பிறகு, உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்ற அளவு நிலைபெற்றது. ஆனால் அந்தக் கிலோ, எடைக்கருவி காட்டும் எடை அன்று; உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணக்கிடுவது. உடல் பருத்தால் நுரையீரலும் பெரிதாகிவிடுவதில்லை. 170 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு அது 66 கிலோ. மூச்சுக்கு ஏறத்தாழ 400 மி.லி. அவருடைய எடை 95 கிலோவாக இருந்து, அவசரத்தில் யாராவது அதைப் பெருக்கிவிட்டால் 570. நிரல் இங்கே குறுக்கிட்டு, ‘அளவு அதிகம்’ என்று காரணத்தோடு காட்டுகிறது. ஏற்பதும் தள்ளுவதும் மருத்துவர் கையில். ரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்திருந்தால் அவர் தெரிந்தே சற்றுக் கூட்டவும் செய்யலாம்.

ஆராய்ந்து, எடைபோட்டு, ஒன்றைக் கொள்வதற்குத் ‘தேர்’ என்ற வினை நம்மிடம் இருக்கிறது. ஏவுகணை, விடுகதை போல வினைத்தொகையாக்கினால் ‘தேர்துணை’. நடுவில் ஒற்று மிகாது. ‘தேர்த்துணை’ என்று எழுதினால் சக்கரம் வைத்த தேருக்குத் துணையாகிவிடும். மெய்ப்புத் திருத்துபவர்கள் மன்னிக்கவும். மருத்துவத் தேர்துணை, தேர்துணை நிரல் என்று நீட்டவும் வசதியாக இருக்கிறது.

மூத்த நண்பர் முன்வைத்த ‘துணிபுத் துணை’ பழந்தமிழ்ப்படி சரிதான். ஆனால் இன்று படிப்பவர், மருத்துவருக்குத் துணிச்சல் போதவில்லை என்றல்லவா நினைப்பார்? ‘வல்லுநர் அமைப்பு’ (expert system) என்பதும் பொருந்தாது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் (MYCIN) என்ற நிரல் அப்படித்தான் அழைக்கப்பட்டது. தொற்றுக்கு எந்த மருந்து என்று விதிகளைக் கொண்டு பரிந்துரைத்த அது, அன்றாட மருத்துவத்துக்கு வரவே இல்லை. இயந்திரத்தை வல்லுநர் என்று அழைத்துவிட்டால், தவறு நேரும்போது பொறுப்பு யாருடையது என்பதும் குழம்பிப்போகும்.

ஒரு வரம்பு: சுவாசக் கருவி தானே அளவை மாற்றிக்கொள்ளும் வகையைத் தேர்துணையில் சேர்க்கக் கூடாது. அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் மனிதர் இல்லை. அது தன்னியக்கம்.

பட்டியலில் உள்ள ‘எச்சரிக்கை அயர்ச்சி’யையும் (alert fatigue) மாற்றலாம். கருவிகளும் நிரல்களும் ஓயாமல் ஒலிப்பதைக் கேட்டுக் கேட்டு, உண்மையான எச்சரிக்கையையும் படிக்காமலே மூடிவிடும் பழக்கம் அயர்ச்சி அன்று, மரத்துப்போதல். ‘எச்சரிக்கை மரப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். செவிலியர்களாகப் பணியாற்றும் உறுப்பினர்கள் இதைப் பற்றி எழுதினால் நல்லது. அந்த ஒலிகளுக்கு நடுவில் நிற்பவர்கள் அவர்கள்தான்.